வாசல் தாண்டி வந்த சாமி: கொண்டையராஜுவும் நம் வீட்டுச் சுவர்களும்

தமிழ்நாட்டில் ஓவிய வரலாறு என்று நமக்குச் சொல்லித் தரப்படுவது பெரும்பாலும் பரிசு வாங்கியவர்களின் வரலாறு. 1873இல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கிய ரவிவர்மாவில் அது தொடங்கும். சென்னை ஓவியப் பள்ளிக்கு 1957 வரை தலைமை வகித்து, 1954இல் லலித் கலா அகாதமியின் முதல் தலைவராகி, 1958இல் பத்மபூஷண் பெற்ற தேவிபிரசாத் ராய் சவுத்ரிக்கு வரும். அங்கிருந்து அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கருக்கு. பணிக்கர் 1950களில் ஏசுவை வரைந்தார், புத்தரை வரைந்தார். பிறகு 1966இல் எங்கள் பக்கத்துக் கடற்கரையான ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நண்பர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து அமைத்தார். இவர்கள் யாரும் சாதாரணமானவர்கள் அல்ல. நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் தாம்பரம், குரோம்பேட்டை, பம்மல், அனகாபுத்தூர் என்று எங்கள் பக்கத்துக் காலனிகளில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் இவர்களில் ஒருத்தர் படமும் சுவரில் இருக்காது. பதக்கப் பட்டியலுக்கு வெளியே நிற்கிற ஒரு மனிதரின் கை அந்தச் சுவர்களில் இருக்கிறது. அவர் பேர் அந்த வீடுகளில் யாருக்கும் தெரியாது.

சி. கொண்டையராஜு. 1898இல் மயிலாப்பூரில் பிறந்து 1976இல் கோவில்பட்டியில் முடிந்த வாழ்க்கை அது. மயிலாப்பூரில் பிறந்தவர் எதற்காகக் கரிசல் காட்டுக் கோவில்பட்டியில் போய் உட்கார்ந்தார், அங்கே உட்கார்ந்தவரின் கை தாம்பரத்துச் சேரிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. கூடவே ஒரு கேள்வி. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட நம் ஆட்களுக்கு அந்தப் படம் என்ன செய்தது? நல்லது செய்ததா, கெடுதல் செய்ததா?

ராஜு என்ற பேரைக் கேட்டால் தஞ்சாவூர் ஓவியம் ஞாபகத்துக்கு வரவேண்டும். தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்துச் செய்யும் அந்தப் படங்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் முக்கியமானவர்கள். கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கிய பள்ளி அது. நிழல் போட, தூரம் காட்ட, உடம்பைப் பார்த்து உடம்பு போட அங்கே பயிற்சி உண்டு. படித்து முடித்தவர் அந்தப் படிப்பு காட்டிய வழியில் போகவில்லை. ஊர் ஊராகத் திரிந்தார். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். அதற்குப் பிறகு அவரைப் பிடித்துக்கொண்டது நாடகக் கம்பெனி.

இந்த நாடகக் கம்பெனி விஷயத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கொண்டையராஜுவின் ஓவியப் பள்ளி உண்மையில் இதுதான் என்று நினைக்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து தமிழ்நாடு முழுக்கக் கொட்டகை போட்டுச் சுற்றிவந்த பாய்ஸ் கம்பெனிகளுக்குப் படுதா உயிர் மாதிரி. தெருப் படுதா, தர்பார் படுதா, காட்டுப் படுதா, கைலாசப் படுதா. தர்பார் என்றால் வரிசையாகத் தூண்கள் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும்; கடைசியில் ஒரு தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் ஒரு மலை. அதற்கு முன்னால் ரோஸ் பவுடர் அப்பி, ஜிகினா வைத்த உடுப்பு போட்டு, ஜனங்களைப் பார்த்து நேராக நின்று நடிகன் பாடுவான். கூட நடிக்கிறவனைப் பார்த்துப் பாட மாட்டான், நம்மைப் பார்த்துத்தான் பாடுவான். கொட்டகையில் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அவன் கண் தெரிய வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டில் உள்ள பழைய சிவகாசிப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சாமி நடுவில் நேராக நிற்கும். பின்னால் தூண், தோட்டம், குளம், பனி மலை. கன்னத்தில் ரோஸ். நகை ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கலாம் போலத் தனித்தனியாக மின்னும். கண் நம்மையே பார்க்கும். ரவிவர்மாவின் படங்களில் பலவற்றில் தேவர்கள் தங்கள் கதைக்குள் மூழ்கியிருப்பார்கள். தமயந்தி அன்னத்தைப் பார்ப்பாள், சகுந்தலை முள் எடுக்கிற சாக்கில் திரும்பி துஷ்யந்தனைத் தேடுவாள், நாம் ஒளிந்து நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். கொண்டையராஜுவின் சாமிக்கு நம்மைப் பார்ப்பதைவிட வேறு வேலை இல்லை. இது நாடகக் கொட்டகையிலிருந்து வந்த பார்வை. கோயிலில் தரிசனம் என்று சொல்கிறார்களே, அதுவும் இந்தப் பார்வைதான். ஆனால் கோயில் தரிசனத்துக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் ஒரு வாசல் இருந்தது. கொட்டகையில் காசுதான் வரிசையைத் தீர்மானித்தது (ஊருக்கு ஊர் அங்கேயும் சாதி பார்த்தார்கள், அது தனிக்கதை).

1931இல் பேசும்படம் வந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சரியத் தொடங்கின. படுதா எழுதியவர்கள் சினிமாவுக்குப் போனார்கள், போர்டு எழுதப் போனார்கள், சும்மா இருந்தார்கள். கொண்டையராஜு 1940களில் கோவில்பட்டியில் தங்கினார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்று அவருடைய இடத்துக்குப் பேர். கல்யாணம், குடும்பம் என்று தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் சீடர்களோடே இருந்தார். டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம், செண்பகராமன், அருணாசலம் என்று கோவில்பட்டியில் அவரிடம் கற்றவர்கள் ஒரு பரம்பரையாகவே ஆனார்கள். சில படங்களின் ஓரத்தில் அவர் பேரும் சுப்பையா பேரும் சேர்ந்தே இருக்கும். தன் ஒரே பேரைப் போட்டுக்கொள்ள முடிந்தவர் மாணவனின் பேரையும் சேர்த்துப் போடுவதை நம் கலைக்கல்லூரிகளில் பார்ப்பது அபூர்வம்.

கோவில்பட்டிக்குக் கூப்பிடு தூரத்தில் சிவகாசி. இந்த இரண்டு ஊரும் பக்கத்தில் இருந்த அதிர்ஷ்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள் பலர். சிவகாசி எப்படிப்பட்ட ஊர் என்று சொல்வதில்லை. தலித் வாசகன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பக்கத்து நாடார்களுக்கு ஆகமக் கோயில்களில் நுழைவு கிடையாது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்தார்கள். ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். கோயில் தீட்டுப்பட்டது என்று வழக்கு. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. இதற்கு நடுவில் சிவகாசியில் விசுவநாதர் கோயில் நுழைவை ஒட்டி வளர்ந்த பகை, 1899 ஜூன் 6ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டுவந்து ஊரைத் தாக்குவதில் போய் முடிந்தது. ‘சிவகாசிக் கொள்ளை’ என்று தெற்கே இன்றைக்கும் சொல்வார்கள். அந்த ஊரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு லித்தோ அச்சகம் வேண்டும். அச்சகம் வந்ததும் லேபிளோடு நிற்குமா? நேஷனல், ஓரியண்ட், கோரனேஷன் என்று அச்சகங்கள் எழுந்தன. காலண்டர் வந்தது. காலண்டருக்குச் சாமி வேண்டியிருந்தது. சாமி எழுதத் தெரிந்தவர் கோவில்பட்டியில் இருந்தார்.

கோயிலுக்குள் வராதே என்று நீதிமன்றத்திலும் தெருவிலும் விரட்டப்பட்ட ஒரு சாதி, முப்பது நாற்பது வருஷத்துக்குள் அதே மீனாட்சியையும் அதே சுந்தரேசுவரரையும் லட்சக்கணக்கில் அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறது. இதைவிடப் பெரிய கோயில் நுழைவை நான் வரலாற்றில் பார்த்ததில்லை. இதைப் போராட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், வியாபாரம் என்பார்கள். வியாபாரம்தான். அந்த முதலாளிகள் நம் ஆட்களைச் சமமாக உட்காரவைத்து விருந்து போட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தாங்கள் பட்டதைத் தங்களுக்குக் கீழே என்று நினைத்தவர்களுக்குத் திருப்பிச் செய்த ஊர்களும் உண்டு. தீப்பெட்டி ஒட்டிய சின்னப் பிள்ளைகளின் விரல்கள் எந்தத் தெருக்களிலிருந்து வந்தன என்பதும் தெரிந்த கதைதான். இருந்தாலும், அச்சு யந்திரத்துக்கு வாங்குகிறவனின் சாதி தெரியாது.

வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். ஓவியர் ஒரிஜினலை எழுதிக் கொடுப்பார். அச்சகம் அதை மொத்தமாக விலைக்கு வாங்கிக்கொள்ளும். அப்புறம் அது பத்தாயிரம் அச்சானாலும் பத்து லட்சம் அச்சானாலும் எழுதியவருக்கு அதில் பங்கு இல்லை. லித்தோ ஆர்ட்டிஸ்ட் என்று ஒருவர் அந்தப் படத்தின் நிறங்களைப் பிரித்துப் பிரித்து, புள்ளி புள்ளியாகக் கல்லிலோ தகட்டிலோ ஏற்றுவார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஓட்டம். அவர் பேரும் எங்கும் இருக்காது. படம் பிடித்துப்போனால் நாலைந்து வருஷம் கழித்துப் பின்னணியை மாற்றி, புடவை நிறத்தை மாற்றித் திரும்பவும் வரும். ஆடிப்பெருக்கு அன்று புது வருஷ ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். மளிகைக் கடைக்காரர், நகைக் கடைக்காரர், ஜவுளிக் கடைக்காரர் ஆளுக்கொரு சாமியைத் தேர்ந்தெடுத்து, கீழே தன் கடைப் பேரை அடித்து வாங்கி, மார்கழியில் வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுப்பார். மாதத் தாள் கிழிந்து தீர்ந்த பிறகும் சாமியைக் கிழிக்க மாட்டார்கள். கீழே உள்ள கடைப் பேரைக் கத்தரித்துவிட்டுச் சட்டம் போடுவார்கள். சில வீட்டில் கடைப் பேரோடே சட்டம் போட்டிருக்கும், சாமிக்கு முகவரி மாதிரி.

தாம்பரத்துக்குச் சாமி வந்தது இந்த வழியில்தான். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. குரோம்பேட்டை என்ற பேரே குரோம் தோல் கம்பெனியால் வந்தது. பல்லாவரம், திரிசூலம் பக்கம் கல் குவாரிகள். செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் பண்ணை வேலையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த நம் ஆட்கள் தோல் ஷாப்பிலும் குவாரியிலும் ரயில்வேயிலும் கூலியாகச் சேர்ந்தார்கள். கிராமத்தில் இருந்தவரைக்கும் அவர்களுக்குச் சேரிக்கு வெளியே எல்லையம்மன், கங்கையம்மன், மரத்தடி முனீஸ்வரன். பெரிய கோயில் தேரோடும் தெருவில்கூடக் கால் வைக்க முடியாது. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்டவர்கள் நுழைந்ததும், 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்ததும் எல்லோருக்கும் தெரியும். சட்டம் வந்த மறுநாள் செங்கல்பட்டுக் கிராமத்தில் எந்தக் கோயில் கதவும் திறந்துவிடவில்லை. சட்டம் வந்து சேர்வதற்கு முன்னாடியே மளிகைக் கடை வழியாக மீனாட்சி வந்து சேர்ந்துவிட்டாள்.

என் பாட்டி (அப்பாவின் அம்மா) கோயிலுக்குப் போவதில்லை. ஏன் ஆயா என்று ஒருமுறை கேட்டேன். "இன்னாத்துக்குடா கோயிலு? அங்க போனா தள்ளி நில்லு தள்ளி நில்லுன்னுவான். இவ நம்ம வூட்லயே கீறா. நான் பார்த்தா இவளும் பார்க்குறா. தீட்டுன்னு மூஞ்சத் திருப்பிக்கினாளா?" என்றாள். அவள் கை காட்டிய படம் புகை ஏறிக் கண்ணாடிக்குள் பழுப்பாகப் போன ஒரு மீனாட்சி கல்யாணம். கொண்டையராஜு பாணி என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அவர் கையா, சீடர்கள் கையா என்று அந்தப் புகைக்குள் பிரித்துச் சொல்ல முடியாது. பாட்டி வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணாடியைத் துடைப்பாள். குங்குமம் வைப்பாள். கற்பூரம் காட்டுவாள். எந்த ஆகமமும் அவளைத் தடுக்கவில்லை.

இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லில் சாமி செய்கிற சிற்பிக்கே கண் திறந்து குடமுழுக்கு ஆனதும் கருவறையில் இடமில்லை. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்பதற்காக 1970இல் சட்டத்திருத்தம் வந்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும் என்று சொல்லிவிட்டு, ஆகமத்தை மட்டும் கைவைக்காமல் வைத்தது. பயிற்சி பெற்ற பிற சாதி அர்ச்சகர்களுக்கு அரசு நியமன ஆணை கொடுக்க 2021 ஆகஸ்ட் ஆனது. அதுவும் வழக்குகளோடு. ஐம்பது வருஷம்! ஆனால் காகிதச் சாமிக்குக் குடமுழுக்கு இல்லை, ஆகமம் இல்லை, பரம்பரை இல்லை. தோல் ஷாப்புக் கூலியின் பெண்டாட்டி அர்ச்சகர் ஆனாள். தூரமான நாளில்கூடப் படத்தைத் தொடலாமா கூடாதா என்பதை அவளே முடிவுசெய்தாள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதை விடுதலை என்று எழுதிவிட்டுப் போகலாமா? நம் தோழர்கள் சிலர் அப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். வெகுசனக் கலை, ஜனநாயகக் கலை என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படிப் பேசுகிறவர்கள் படத்தை நெருங்கிப் போய்ப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

படத்தில் உள்ள நிறத்தைப் பாருங்கள். மீனாட்சியைப் பச்சையாகவும் கிருஷ்ணனை நீலமாகவும் எழுதுவது பழைய வழக்கம். அதை விட்டால் மிச்சமுள்ள எல்லா உடம்பும் வெண்ணெய் நிறம். முருகன் வெண்ணெய். வள்ளி தினைப்புனம் காத்த குறத்தி, அவளும் வெண்ணெய்தான். கருப்பு என்றால் அசுரனுக்கு. காலுக்குக் கீழே கிடப்பவனுக்கு, பல் துருத்திக்கொண்டிருப்பவனுக்கு. நம் அம்மா நிறத்தில் ஒருத்தி அந்தப் படங்களில் சாமியாக இருந்து நான் பார்க்கவில்லை. மாரியம்மனைச் சிவகாசிக் காரர்கள் எடுத்துக்கொண்டபோது அவளுக்கும் லட்சுமியின் முகம் வந்துவிட்டது. கையில் சூலமும் தலைக்கு மேல் நாகமும் இல்லையென்றால் யார் என்று சொல்ல முடியாது. சேரிக்காரர்களின் எல்லையம்மனுக்கு முகம் கிடையாது. ஒரு கல், மஞ்சள், வேப்பிலை. முகம் இல்லாதவளுக்கு அவரவர் முகத்தை வைத்துக்கொள்ளலாம். அச்சுப் படம் வந்த பிறகு எங்கள் தெருக் கோயிலில் சுதை வைத்தபோது ஸ்தபதிக்குக் காலண்டரைக் காட்டி "இது மாதிரி செய்" என்றார்கள். செய்தார். எங்கள் எல்லையம்மன் இன்றைக்குக் கோவில்பட்டிக் காரர்கள் எழுதிய ஒரு தர்பார் ராணியின் ஜாடையில்தான் இருக்கிறாள். மதுரை வீரனும் அப்படித்தான். சக்கிலியர் வீட்டில் வளர்ந்த பிள்ளை என்று கதைப்பாடல் சொல்கிறது. மாறு கால் மாறு கை வாங்கிக் கொல்லப்பட்டவன். படத்தில் பட்டு உடுத்தி, மீசை முறுக்கி, வெள்ளைக் குதிரையில் பொம்மியோடும் வெள்ளையம்மாளோடும் வருகிறான். வெட்டப்பட்ட கை கால் படத்தில் இல்லை.

கொண்டையராஜு திட்டம் போட்டு இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் கற்றது தர்பார் படுதா. வெளிச்சத்தில் தெரியவேண்டும் என்று பவுடர் அப்பிய முகம் அவருக்குப் பழகிய முகம். அவரும் அவர் சீடர்களும் கூலிக்கு எழுதியவர்கள். அச்சகக்காரர் இன்னும் கொஞ்சம் நகை போடு என்றால் நகை போட்டார்கள். இவர்களைக் ‘காலண்டர் ஓவியர்கள்’ என்று மூக்கைச் சுளிக்கும் நகரத்து விமர்சகர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு சாமியைக் கோடிப் பேர் மனசில் உட்காரவைக்கிற கைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டீபன் இங்லிஸ் என்ற கனடாக்காரர் கோவில்பட்டிக்கு வந்து இந்த ஓவியர்களைத் தேடி எழுதினார். எங்கள் எம்.ஏ. தமிழ்ப் பாடத்திட்டத்தில் ஓவியம் என்றால் சித்தன்னவாசல், அதோடு சரி.

கொண்டையராஜு பரம்பரையின் இன்னொரு தொழிலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. உருவப்படம். சாமி எழுதிய அதே கை மனுஷனையும் எழுதியது. காந்தி, நேரு மாதிரித் தலைவர்கள் ஒரு பக்கம். வீட்டில் செத்துப்போன அப்பா, தாத்தா இன்னொரு பக்கம். ஸ்டுடியோவில் எடுத்த சின்ன போட்டோவைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, கலர் கொடுத்து, தோளில் அங்கவஸ்திரமும் விரலில் மோதிரமும் சேர்த்து எழுதிக் கொடுப்பார்கள். உயிரோடு இருந்தபோது மோதிரம் போடாதவருக்கும் செத்தபிறகு மோதிரம் கிடைக்கும். அந்தப் படம் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்படும், அதே மாதிரி நேராகப் பார்க்கும், அதே மாதிரி குங்குமம் வாங்கிக்கொள்ளும்.

கட்டம் போட்டுப் பெரிதாக்கச் சின்ன போட்டோ ஒன்றாவது வேண்டுமே. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்துபோன என் தாத்தாவுக்கு போட்டோ கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. ஸ்டுடியோவுக்குப் போகிற பழக்கம் அவர் தலைமுறையில் எங்கள் தெருவில் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் பிரேம் கடை வைத்திருந்த ஓவியர் ஒருவரிடம் அப்பா போய்க் கேட்டிருக்கிறார். ஜாடை சொன்னால் எழுதுகிறேன் என்றாராம். பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நெற்றி எப்படி, மூக்கு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். பாட்டி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "எனுக்கே மறந்துபோச்சுப்பா. மீனாட்சி மூஞ்சிதான் வருது, அவுரு மூஞ்சி வரலை" என்று எழுந்து வந்துவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அப்பா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த வீட்டில் ஐம்பது வருஷம் தினமும் பார்த்த முகம் சுவரில் இருந்த முகம்தான்.

தங்கள் முகத்தைச் சுவரில் ஏற்ற வேண்டும் என்ற அரசியல் நம்மிடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கி, 1907இலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தி, எழுத்தில் வேறு ஒரு வரலாற்றைக் கொடுத்தார். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனார். நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை 1930இல் தொடங்கிய அம்பேத்கர், 1935க்குள் அந்த வாசலே வேண்டாம் என்று முதுகைக் காட்டித் திரும்பினார். ஆனால் அவர் படம் காலண்டரில் தாமதமாகத்தான் வந்தது. எந்த மளிகைக் கடைக்காரரும் அவரை ஆல்பத்தில் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அவரை எழுதியவர்கள் போர்டு ஆர்ட்டிஸ்டுகள். பஸ்ஸ்டாண்டு பக்கத்தில், ரயில்வே கேட் பக்கத்தில், தகரத்தில் எனாமல் பெயிண்டால். கட்டம் போட்டுப் பெரிதாக்குவது, கண்ணை நேராக வைப்பது, நிழலுக்கு ஊதா கலப்பது, கன்னத்தில் ரோஸ் தொடுவது எல்லாம் சிவகாசிப் படங்களைப் பார்த்துப் பார்த்து எழுதிக் கற்ற பாடம். நீலக் கோட்டு, சிவப்பு டை, கையில் புத்தகம், நேராக நம்மையே பார்க்கிற கண். தர்பார் ராணிக்கும் முருகனுக்கும் கொடுத்த பார்வையை நம் தெரு ஓவியர்கள் அம்பேத்கருக்குக் கொடுத்தார்கள். அம்பேத்கரின் போட்டோக்களில் பலவற்றில் அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். சேரிச் சுவரில் எழுதப்பட்டவர் எங்கேயும் பார்ப்பதில்லை, வருகிறவனைப் பார்க்கிறார். நிறத்தை மட்டும் அங்கேயும் கொஞ்சம் வெளுக்கவைத்துவிட்டார்கள். பழகிய கை.

நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் உருவப்படம் மாட்டப்பட்டது 1990 ஏப்ரல் 12ஆம் தேதி. அவர் செத்து 33 வருஷத்துக்கு மேல். ஜெபா அம்ரோஹவி என்ற பெண் ஓவியர் வரைந்தது. சட்டம் எழுதியவரின் முகம் சட்டசபைச் சுவருக்குப் போக அத்தனை வருஷம் எடுத்தது. தெருவில் தகரத்தில் எழுதியவர்கள் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை.

சுவரில் யார் முகம் என்பது தீர்ந்துபோன சண்டை என்று நினைப்பவர்கள் தாம்பரத்திலிருந்து அரைமணி நேர ரயில் தூரத்தில் உள்ள ஆலந்தூருக்கு வரலாம். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் சுற்றறிக்கை ஒன்று மாவட்ட நீதிமன்றங்களுக்குப் போனது. நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் படங்களும் சிலைகளும் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது என்றது அது. ஆலந்தூரில் புதிதாகக் கட்டிய நீதிமன்ற வளாகத்தின் நுழைவு மண்டபத்தில் இருந்த அம்பேத்கர் படத்தை எடுக்கும்படி அங்குள்ள வழக்கறிஞர் சங்கத்திடம் சொல்ல வேண்டும் என்று முன்பே எடுத்திருந்த முடிவையும் அது நினைவுபடுத்தியது. நுழைவு மண்டபம்; பழைய வாசல் பிரச்சினைதான். எதிர்ப்பு கிளம்பியது. வழக்கறிஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த மாதமே சட்ட அமைச்சர் தலைமை நீதிபதியைச் சந்தித்தார். எந்தத் தலைவர் படமும் அகற்றப்படாது என்று அரசு அறிவித்தது. நான் படித்த செய்திகளில் படத்தை எடுக்கச் சொன்னவர்கள் பேரும் எடுக்கக் கூடாது என்றவர்கள் பேரும் இருந்தன. படத்தைச் செய்துகொடுத்தவர் பேர் எதிலும் இல்லை.